மரப்பட்டை நுண்ணுயிர் ஆய்வுகளை வெளியிடும் இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

மருந்துக்குப் பேர்போன ஒரு மரம். அதன் பட்டைக்குள் வாழும் ஒரு பூஞ்சை, அல்லது ஒரு பாக்டீரியா. அதைப் பிரித்து வளர்த்து, வளர்ந்த திரவத்திலிருந்து சாறு எடுத்து, அந்தச் சாறு அழற்சியைத் தணிக்கிறது என்று காட்டும் ஒரு கட்டுரை. இப்படிப்பட்ட கட்டுரைகள் இப்போது ஓயாமல் வெளிவருகின்றன. மரம் மாறுகிறது, பூஞ்சையின் பெயர் மாறுகிறது, அட்டவணையில் எண்கள் மாறுகின்றன. புதிய அழற்சி எதிர்ப்பு மருந்துகளுக்கு இந்த நுண்ணுயிர் நம்பிக்கை தரும் மூலம் என்கிற கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை.

பட்டையைச் சீவி, பிளேட் (கூழ் ஊடகம் நிரப்பிய வளர்ப்புத் தட்டு) போட்டு, வளர்ந்ததைச் சாகவிடாமல் காப்பாற்றும் வேலையைச் செய்பவர்களில் ஒருத்தியாக உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். அந்தக் கடைசி வரியை இனிமேல் யாருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். அந்த நுண்ணுயிரே அந்தப் பொருளைச் செய்கிறது, திரும்பத் திரும்ப வளர்த்தாலும் செய்கிறது, அந்தப் பொருள் செல்லைக் கொல்லாமல் அழற்சியைக் குறைக்கிறது. இவ்வளவையும் காட்டியவருக்கு மட்டும் கொடுங்கள்.

இந்தத் துறையே வீண் என்று சொல்ல வரவில்லை. வீண் என்றால் நான் இதில் இருக்கமாட்டேன். பட்டை என்றதும் காய்ந்த மேல்தோல்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. வெளியே இருக்கும் தக்கை செத்த அடுக்கு என்பது உண்மைதான். அதற்கு அடியில் உயிருள்ள உட்பட்டை இருக்கிறது. இலையில் தயாரான சர்க்கரை வேர்வரை இறங்குவது அதன் வழியாகத்தான். சர்க்கரை ஓடும் இடத்துக்கு நுண்ணுயிர்கள் வந்து சேராமல் இருக்குமா? பட்டைமேல் புள்ளிபுள்ளியாகத் தெரியும் மூச்சுத் துளைகள், வண்டு துளைத்த ஓட்டைகள், கிளை ஒடிந்த காயங்கள், எல்லாமே அவற்றுக்கு வாசல். உள்ளே போனவற்றில் சில நோயை உண்டாக்கும். மற்றவை வெளியே தெரியும்படி எந்தக் கெடுதலும் செய்யாமல் அங்கேயே காலம் தள்ளும். இவற்றைத்தான் எண்டோஃபைட் என்கிறோம்.

இலை உதிர்ந்துவிடும், பட்டை பல பத்தாண்டுகள் நிற்கும். அத்தனை காலம் அங்கே குடியிருப்பது சுலபமான பிழைப்பு அல்ல. டானின், பிசின், பலவகைப் பீனால்கள் என்று மரம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் சரக்கெல்லாம் சேர்ந்து கிடக்கும் இடம் பட்டை. அங்கே வாழும் பூஞ்சைக்கு அந்தச் சரக்கைத் தாங்கவோ உடைக்கவோ தெரிந்திருக்க வேண்டும். இடத்துக்குப் போட்டியாக வரும் இன்னொரு பூஞ்சையை விரட்டவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நெருக்கடியில் உருவாகும் வேதிப்பொருள்களில் சில நம் உடம்பின் அழற்சிப் பாதையில் போய் வேலை செய்வது நடக்கக்கூடியதே. எதிர்பார்ப்புக்குக் காரணம் இருக்கிறது. சான்றைத்தான் நாம் அவசரத்தில் குறைத்துக்கொண்டோம்.

மரத்தின் பக்கமிருந்தும் ஒரு நியாயம் உண்டு. பட்டை மருந்துக்குப் பெயர் வந்த மரம் பிழைப்பது அரிது. அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்தால் சர்க்கரைப் பாதை அறுந்து, வேர் பட்டினி கிடந்து, மரம் நின்றபடியே சாகும். புராஸ்டேட் வீக்கத்துக்குப் பட்டை கொடுக்கும் ஆப்பிரிக்க புரூனஸ் மரம் இப்படித்தான் அருகிப்போய், 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மரத்தைத் தொடாமல், அதற்குள் இருந்த பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து அதே மருந்தை எடுக்க முடிந்தால் யாருக்குத்தான் கசக்கும்? இந்தத் துறைக்கு நிதி வருவதும் பெரும்பாலும் இந்தக் கனவை நம்பித்தான்.

அந்தக் கனவு எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 1962-இல் அமெரிக்காவின் மேற்கு வனம் ஒன்றில் பசிபிக் யூ மரத்தின் பட்டை சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து மன்றோ வால், மன்சுக் வானி குழு பிரித்த டாக்சாலின் அமைப்பு 1971-இல் வெளியானது. 1992-இல் அது சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஒரு கிலோ டாக்சாலுக்குச் சுமார் 10,000 கிலோ பட்டை தேவைப்பட்டது. மறு ஆண்டே, 1993-இல், மொன்டானாவில் ஒரு யூ மரத்தின் உட்பட்டையிலிருந்து பிரித்த டாக்ஸோமைசிஸ் ஆண்ட்ரியானே என்னும் பூஞ்சை தானே டாக்சால் செய்கிறது என்று ஸ்டியர்ல், ஸ்ட்ரோபெல் குழு அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. கிடைத்த அளவு ஒரு லிட்டர் வளர்ப்புக்கு 24 முதல் 50 நானோகிராம். ஒரு கிராமுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு கோடி லிட்டருக்குக் குறையாது.

பிறகு வேறு வேறு மரங்களிலிருந்தும் டாக்சால் செய்யும் பூஞ்சைகள் வரிசையாக அறிவிக்கப்பட்டன. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு குழு, முதல் பூஞ்சையையும் சேர்த்துச் சிலவற்றை மறுபடி ஆராய்ந்தது. மரத்தின் துணை இல்லாமல் அவை டாக்சால் செய்கின்றன என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் அகப்படவில்லை. இதற்கு நேர்மாறாக, 2015-இல் கனடாவில் சோலிமன், ரைசாடா குழு வேறொரு யூ மரப் பூஞ்சையில் பார்த்ததை எழுதியது. புதுக்கிளை முளைத்துப் பட்டை வெடிக்கும் இடத்தில் அந்தப் பூஞ்சை கூடி, டாக்சால் நிறைந்த சிறு கொழுப்பு உருண்டைகளை வெளியிடுகிறது, மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைகள் நுழையாமல் வெடிப்பை அடைக்கிறது என்றது அந்த ஆய்வு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் அது ஒன்று. பிடித்திருக்கிறது என்பதற்காக வழக்கு முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இன்றைக்கு மருத்துவமனைக்குப் போகும் டாக்சால் யூ மர இலைகளிலிருந்து எடுத்த முன்பொருளை மாற்றியமைத்தும், மரத்தின் செல்களைத் தொட்டியில் வளர்த்தும் வருகிறது. பூஞ்சையிலிருந்து வருவதில்லை.

டாக்சால் புற்றுநோய் மருந்து, அழற்சி மருந்து அல்ல என்று நீங்கள் குறுக்கிடலாம். சரிதான். ஆனால் அது தொடங்கிவைத்த பழக்கம்தான் அழற்சிக் கட்டுரைகளிலும் தொடர்கிறது. பட்டைத் துண்டிலிருந்து முதன்முதலில் வளரும் பூஞ்சையோடு மரத்தின் வேதிப்பொருளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இன்றைய நிறமாலைக் கருவிகள் நானோகிராமையும் கண்டுபிடித்துவிடும். முதல் வளர்ப்பில் மரத்தின் பொருள் தென்பட்டால் அது பூஞ்சை செய்ததா, பட்டை விட்டுச்சென்ற மிச்சமா? இந்தக் கேள்வியை எழுப்பாத கட்டுரையை மதிப்பாய்வுக்கு அனுப்புவதே நேர விரயம்.

கேம்ப்டோதீகா மரத்தின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. அதற்குள்ளிருந்து பிரித்த ஃபியூசேரியம் சொலானி என்னும் பூஞ்சை, மரத்தின் புற்றுநோய் எதிர்ப்புப் பொருளான கேம்ப்டோதெசினைத் தானும் செய்வதாக 2009-இல் குசாரி, ஷ்பிடெல்லர் குழு எழுதியது. அதே குழு 2011-இல் எழுதியதுதான் பெரிய விஷயம். திரும்பத் திரும்ப மறுவளர்ப்பு செய்தபோது அந்தத் திறன் வெகுவாகச் சரிந்தது. சரிந்த பூஞ்சையை உயிருள்ள மரத்துக்குள் மறுபடி செலுத்தினார்கள். பூஞ்சை உள்ளே நன்றாகக் குடியேறியது, பிறகு அதைத் திரும்பவும் பிரித்தெடுத்தார்கள். இழந்த திறன் மட்டும் திரும்பவில்லை. தங்கள் முந்தைய அறிவிப்பைத் தாங்களே குறைத்துக்காட்டும் இந்த முடிவை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். எத்தனை பேர் அப்படி எழுதுவார்கள்? எத்தனை இதழ்கள் அதை வாங்கிப் போடும்?

ஆகவே முதல் நிபந்தனையாக மறுவளர்ப்புத் தரவைக் கேளுங்கள். முதல் வளர்ப்பில் இவ்வளவு, ஐந்தாவதில் இவ்வளவு, பத்தாவதில் இவ்வளவு என்று ஒரு சிறு வரைபடம் போதும். கோடு கீழே இறங்கினாலும் கட்டுரையை நிராகரிக்க வேண்டாம். இறங்குகிறது என்பதே ஒரு கண்டுபிடிப்பு.

அதோடு சேர்ந்தது இருப்பிடம். பூஞ்சையை அடையாளம் காண உதவும் ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ வரிசையை ஜீன்பேங்க் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றி எண் வாங்கியதோடு கடமை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். வரிசை வைத்துக்கொண்டு யாரும் சாறு எடுக்க முடியாது. அந்த ஒரு வரிசையால் பல பூஞ்சைகளுக்கு இனத்தின் பெயரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது, பேரினத்தோடு நின்றுவிடும். உயிருள்ள கல்ச்சர், அதாவது பூஞ்சை வளர்ப்பு, ஒரு பொது வளர்ப்புச் சேமிப்பகத்தில் இருக்க வேண்டும், அதன் எண் கட்டுரையில் வர வேண்டும். மூன்று ஆண்டு கழித்து ஒருவர் எழுதிக் கேட்டால், மாணவர் போய்விட்டார், ஃபிரீசர் கெட்டுவிட்டது, கல்ச்சர் செத்துவிட்டது என்று பதில் வருகிறது. செத்துப்போன கல்ச்சரின்மேல் மருந்து நம்பிக்கை எப்படி எழும்பும்? மாதிரி எந்த நாட்டு மரத்திலிருந்து, யார் அனுமதியோடு எடுக்கப்பட்டது என்பதையும் இதே இடத்தில் கேட்டுவிடலாம். 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறைக்குப் பிறகு அது மரியாதைக் கேள்வி மட்டும் அல்ல.

பிரித்தெடுக்கும் கட்டத்தைப் பற்றி ஒரு சொல். இலைக்கென்று எழுதிய மேற்பரப்புக் கிருமிநீக்க முறையை நிமிடக் கணக்கு உட்படப் பட்டைக்கும் அப்படியே போடுகிறார்கள். இலை வழவழப்பானது, பட்டை வெடிப்பும் மடிப்புமானது. எத்தனாலும் ஹைப்போகுளோரைட்டும் புகாத இடுக்கில் காற்றில் வந்து விழுந்த வித்து உட்கார்ந்திருக்கும், நாம் அதை மரத்தின் உள்வாசி என்று பெயர் சூட்டிக் கொண்டாடுவோம். தக்கையைக் கத்தியால் முழுதும் சீவி எடுத்தார்களா? கடைசியாகக் கழுவிய நீரைத் தனி பிளேட்டில் பரப்பிப் பார்த்தார்களா? துண்டை அகாரில் ஒற்றி எடுத்து, ஒற்றிய இடத்தில் எதுவும் முளைக்கவில்லை என்று உறுதி செய்தார்களா? செய்முறைப் பகுதியில் இந்த மூன்று வரிகள் இருந்தால் எனக்கு மற்றதைப் படிக்கும் ஆசை வரும்.

பொறுமையும் வேண்டும். உட்பட்டைத் துண்டை உருளைக்கிழங்கு அகாரில் வைத்தால் சில நாளில் வெட்டிய விளிம்பிலிருந்து வெள்ளை இழைகள் எட்டிப்பார்க்கும். டிரைக்கோடெர்மா என்னும் வேகமாக வளரும் பூஞ்சை வந்துவிட்டால் பிளேட் முழுக்கப் பச்சைதான், வேறு எதற்கும் இடம் கிடைக்காது. மெதுவாக வளர்பவை மூன்றாம் வாரத்தில் சின்னக் கருப்புப் புள்ளியாக மேலே வரும். அதற்குள் பிளேட், கிருமியைக் கொல்லும் நீராவிக் கலமான ஆட்டோகிளேவுக்குப் போய்விட்டிருக்கும். வேகமாக வளரும் அதே நாலைந்து பேரினங்களே எல்லா மரத்திலும் கிடைப்பதாக நாம் எழுதிக்கொண்டிருப்பதற்கு நம் அவசரமும் ஒரு காரணம்.

இனி சோதனை. இந்த மடலை எழுத உட்காரவைத்ததே அதுதான்.

வழக்கமான முறை உங்களுக்கு மனப்பாடம். ரா 264.7 என்னும் எலி மாக்ரோஃபேஜ் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்) செல்களை எடுத்துக்கொள்வார்கள். பாக்டீரியாவின் சுவரிலிருந்து எடுத்த லிப்போபாலிசாக்கரைடை ஊற்றிச் செல்களைச் சீண்டுவார்கள். சீண்டப்பட்ட செல் நைட்ரிக் ஆக்சைடு விடும், அது நைட்ரைட்டாக மாறித் திரவத்தில் தங்கும், கிரீஸ் கரணியைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு வரும், அதை 540 நானோமீட்டரில் அளப்பார்கள். பூஞ்சைச் சாறு சேர்த்த கிணறுகளில் (சோதனைத் தட்டின் சிறு குழிகளில்) சிவப்பு மங்கினால் அழற்சி தணிந்தது என்று எழுதுவார்கள்.

சிவப்பு மங்க ஒரே ஒரு வழிதான் உண்டா? செல் செத்தாலும் மங்கும். செத்த செல் நைட்ரிக் ஆக்சைடு விடாது. அதற்காகத்தான் செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி சோதனையையும் கூடவே செய்கிறோம் என்பார்கள். எம்டிடி மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக்கும். ஆனால் பீனால்களும் வேறு பல ஒடுக்கிகளும் செல்லே இல்லாமல் அதே சாயத்தை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லின் மேல் அந்தச் சாறு இருந்தால் செல் உயிரோடிருப்பதாகக் கருவி சொல்லும். இரண்டு சோதனைகளும் ஒரே திசையில் பொய் சொல்ல, நடுவில் நம் வாக்கியம் உண்மையாகிவிடும். செல் இல்லாத கிணற்றில் சாறும் எம்டிடியும் மட்டும் ஊற்றிப் பார்த்தால் அரை நாளில் தெரிந்துவிடும் விஷயம் இது. நைட்ரைட் உப்புக் கரைசலில் சாற்றை ஊற்றி, கிரீஸ் நிறத்தைச் சாறே விழுங்குகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

பாக்டீரியா எண்டோஃபைட் என்றால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. பட்டைக்குள் கிடைக்கும் சூடோமோனாஸ், பான்டோயா போன்றவை கிராம்-நெகட்டிவ் வகை. அவற்றின் சுவரின் வெளிச்சவ்விலேயே லிப்போபாலிசாக்கரைடு இருக்கிறது. செல்லைச் சீண்டுவதற்கு நாம் ஊற்றும் அதே பொருள் சாற்றுக்குள்ளும் இருக்கும். செல்லுக்கு முதலில் அதைக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு நிறையக் கொடுத்தால், செல் மரத்துப்போய் இரண்டாவது சீண்டலுக்கு மந்தமாகவே பதில் சொல்லும். நோயெதிர்ப்பியலில் பழைய, நன்றாகத் தெரிந்த நிகழ்வு. சாற்றை முன்கூட்டியே ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் சீண்டும் சோதனையில், அழற்சியைத் தணித்தது பாக்டீரியா செய்த வேறு பொருளா, அதன் சுவரிலுள்ள இந்த நச்சா என்று எப்படிச் சொல்வது? எண்டோடாக்சின் என்னும் இந்தச் சுவர் நச்சின் அளவைப் போடச் சொல்லுங்கள். பாலிமிக்ஸின் பி சேர்த்து நச்சை முடக்கிய பிறகும் விளைவு நிற்கிறதா என்று கேளுங்கள்.

எல்லாம் தாண்டி நைட்ரிக் ஆக்சைடு உண்மையாகவே குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது எலியின் செல். எலி மாக்ரோஃபேஜ் தாராளமாக விடும் நைட்ரிக் ஆக்சைடை மனித மாக்ரோஃபேஜ் வளர்ப்புத் தட்டில் அப்படி விடுவதில்லை. மனித இரத்தத்திலிருந்து பிரித்த செல்களில் டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 என்னும் அழற்சிச் சைகைப் புரதங்களின் அளவு இறங்குவதைக் காட்டினால் பேச்சுக்கு எடை வரும்.

இந்த எலிச் செல் சோதனையாவது உயிரோடு தொடர்புள்ளது. அல்புமின் சோதனை என்று ஒன்று இருக்கிறது. அல்புமின் கரைசலைச் சாற்றோடு சேர்த்துச் சூடாக்குவார்கள். சாறு சேர்த்ததில் கலங்கல் குறைந்தால் அழற்சி எதிர்ப்பு இத்தனை சதவீதம். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு டைக்ளோஃபினாக் என்னும் அழற்சி மருந்து நிற்கும், நம் சாறு அதற்கு இணையாக வந்துவிட்டதாகச் சுருக்கத்தில் பெருமை வேறு. டைக்ளோஃபினாக் வேலை செய்வது சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத் தடுத்து. அந்தக் குழாயில் நொதி இல்லை, செல் இல்லை, அழற்சி என்று சொல்ல எதுவுமே இல்லை. டானின் எதுவானாலும் புரதத்தோடு ஒட்டும் என்பது பள்ளிப் பாடம். இந்தச் சோதனையையும் இரத்தச் சிவப்பணுச் சவ்வுச் சோதனையையும் மட்டும் வைத்துக்கொண்டு அழற்சியைப் பற்றிப் பேசும் கட்டுரைக்கு உங்கள் இதழில் இடம் இல்லை என்று அறிவித்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

சாறு என்று சொல்கிறோமே, அதுவும் ஒரு குழப்பம். திரவ ஊடகத்தில் பூஞ்சையை வளர்த்து, எத்தில் அசிட்டேட்டில் எடுத்து, ஆவியாக்கினால் மிஞ்சும் பழுப்புப் பிசுக்குத்தான் அது. நூறு பொருள்கள் இருக்கலாம். பூஞ்சையே இல்லாமல் வெறும் ஊடகத்தை அதே நாள் கணக்கில் வைத்து, அதே வழியில் சாறெடுத்து ஒப்பிட்டார்களா? சர்க்கரையும் அமினோ அமிலமும் ஆட்டோகிளேவில் வெந்தால் பழுப்புப் பொருள்கள் தாமாகவே உண்டாகும், அவற்றுக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புக் குணம் உண்டு. இந்த வெற்று ஒப்பீட்டைக் காணாத கட்டுரைகள் எத்தனையோ. பூஞ்சைகளின் நிறமிகளில் குவினோன்கள் அதிகம். எந்தச் சோதனையில் போட்டாலும் ஏதாவது விளைவு காட்டிவிடும் இப்படிப்பட்ட பொருள்களை 2010-இலேயே பெய்ல், ஹாலோவே என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பட்டியலிட்டு எச்சரித்தார்கள். மருந்து வேதியியல் இதழ்கள் அந்தப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்கின்றன. நம் துறையிலும் அதைக் கட்டாயமாக்க என்ன தடை?

பொருளைத் தனியே பிரித்து, அமைப்பைக் கண்டுபிடித்த பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. கிளியோடாக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் செய்யும் பொருள். அழற்சியின் முக்கிய விசையான என்எஃப்-கப்பா-பி-யை அது அழகாக அடக்கும். நம் அட்டவணையில் வந்தால் தங்கப் பதக்கம்தான். அது நோயெதிர்ப்புச் செல்களைக் கொல்லும் நஞ்சு, மனித நுரையீரலில் அந்தப் பூஞ்சை வேரூன்ற உதவும் ஆயுதங்களில் ஒன்று. ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம், ஆல்டர்னேரியா, பெனிசிலியம் ஆகிய பேரினங்கள் எண்டோஃபைட் பட்டியல்களில் அடிக்கடி வருகின்றன. நால்வருமே நச்சு செய்வதில் பேர்போனவர்கள். மரத்துக்குத் தீங்கில்லாமல் வாழ்கிறது என்பதற்காக மனிதனுக்கும் தீங்கில்லை என்று ஆகாது.

அதே சமயம் நஞ்சுக்கும் மருந்துக்கும் நடுவே உள்ள கோட்டைப் பொறுமையாக ஆராய்ந்தால் நல்லதும் நடக்கும். மைக்கோபினாலிக் அமிலத்தை 1893-இல் பார்டோலோமியோ கோசியோ ஒரு பெனிசிலியத்திலிருந்து பிரித்தார். அதன் வழிப்பொருள் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1995-இல். நடுவில் நூறு ஆண்டுக்கு மேல். நம் கட்டுரைகளின் கடைசி வரி அந்த நூறு ஆண்டை ஒரே தாவாகத் தாண்டப் பார்க்கிறது.

எனக்கு நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று கேட்டால், மரத்தின் மருந்தையே பூஞ்சையும் செய்கிறது என்னும் கதையில் இல்லை. பூஞ்சை தன் சொந்தச் சரக்கைச் செய்யும் இடத்தில் இருக்கிறது. சீனத்தில் மூட்டழற்சிக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் ட்ரிப்டெரிஜியம் கொடிக்குள் வாழ்ந்த ஒரு ஃபியூசேரியத்திலிருந்து 1995-இல் சப்குளுட்டினால்கள் பிரிக்கப்பட்டன. நோயெதிர்ப்பைத் தணிப்பவை, ஆனால் கொடியின் மருந்துப்பொருளின் நகல் அல்ல, வேறு அமைப்பு. மகிழ மரத்தின் இலையில் கிடைத்த பூஞ்சையிலிருந்து எர்கோஃபிளேவினைப் பிரித்து, அது டிஎன்எஃப்-ஆல்ஃபாவையும் ஐஎல்-6-ஐயும் குறைப்பதாக 2009-இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். பொருளுக்குப் பெயர் இருக்கிறது, அமைப்பு இருக்கிறது, எதைக் குறைக்கிறது என்று இருக்கிறது. பட்டை பற்றிய கட்டுரைகளுக்கும் குறைந்தபட்சம் இந்த அளவையே அளவுகோலாக வையுங்கள்.

மரப்பட்டையையும் அழற்சியையும் சேர்த்துப் பேசும்போது வில்லோவை விட்டுவிட முடியாது. 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்னும் பாதிரியார் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வில்லோப் பட்டையை ஒரு பையில் போட்டு, ரொட்டி அடுப்பின் வெளிப்புறத்தில் மூன்று மாதத்துக்கு மேல் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, காய்ச்சல்காரர்கள் சுமார் 50 பேருக்குக் கொடுத்தார். எவ்வளவு, எத்தனை மணிக்கொரு முறை என்பதை எழுதினார். நாள்பட்ட காய்ச்சல்காரர்கள் சிலருக்கு நோய் தணிந்ததே தவிர முழுதாக விடவில்லை என்பதையும், அவர்களுக்குச் சின்கோனாப் பட்டையை ஐந்தில் ஒரு பங்கு கலந்து கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே எழுதினார். நுண்ணோக்கி இல்லை, புள்ளியியல் இல்லை, தோல்வியைச் சொல்லும் நேர்மை இருந்தது. 1828-இல் பூக்னர் அந்தப் பட்டையிலிருந்து சாலிசினைப் பிரித்தார். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பது, புராஸ்டாகிளாண்டின் உற்பத்தி தடைபடுகிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டும்வரை தெரியவில்லை. உங்கள் மேசைக்கு வரும் கைப்பிரதிகளில் ஸ்டோன் அளவுக்குத் தன் தோல்வியைச் சொல்லும் கைப்பிரதி எத்தனை? ஐம்பது பூஞ்சை பிரித்து நாற்பத்தெட்டு எந்த விளைவும் காட்டவில்லை என்றால் அந்த நாற்பத்தெட்டும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பணக்கார ஆய்வகங்களால்தான் முடியும், சின்னக் கல்லூரிகளின் கழுத்தை நெரிக்கும் என்று ஒரு முணுமுணுப்பு வரும். அதில் பாதி உண்மை. அமைப்பைக் கண்டுபிடிக்கும் என்எம்ஆர் கருவி எல்லோரிடமும் இல்லை, மரபணுத் தொகுதி முழுவதையும் வாசிக்கவும் பணம் வேண்டும். ஆனால் வெறும் ஊடகச் சாறு, செல் இல்லாத கிணறு, கடைசிக் கழுவு நீர் பிளேட், ஐந்தாம் மறுவளர்ப்பு, இவற்றுக்கு ஆகும் செலவு அகாரும் நேரமும்தான். எண்டோடாக்சின் அளவீடு கொஞ்சம் விலை கூடியது, அதைப் பக்கத்து ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யலாம். இதுவும் முடியாதவர்கள் எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மரத்தின் பட்டையில் இந்தப் பூஞ்சைகள் இந்தப் பருவத்தில் இருந்தன என்று எழுதட்டும். அது முழுமையான, மதிப்புள்ள ஆய்வு. அந்த ஆய்வை அப்படியே ஏற்காமல், மருந்துக் குணம் ஏதாவது காட்டுங்கள் என்று திருப்பி அனுப்புவது உங்கள் இதழ்களின் மேசைகள்தான். மாணவர் அல்புமினைச் சூடாக்கப் போவது அதற்குப் பிறகு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் குறிப்பேடுகளில் தூங்கும் முடிவுகள் ஏராளம். மூன்றாம் மறுவளர்ப்போடு ஓய்ந்துபோன பூஞ்சை, வெறும் ஊடகமே அதே விளைவைக் காட்டிவிட்ட சோதனை, பாலிமிக்ஸின் சேர்த்ததும் காணாமல்போன அழற்சித் தணிப்பு. இவற்றுக்கு இன்று எந்த இதழிலும் நாற்காலி இல்லை, அதனால் அடுத்த ஊர் மாணவர் அதே மரத்தில் அதே பூஞ்சையை அதே ஆசையோடு திரும்பவும் வளர்க்கிறார். இப்படிப்பட்ட குறுங்குறிப்புகளுக்கு ஒவ்வோர் இதழிலும் நாலு பக்கம் ஒதுக்குங்கள். கல்ச்சர் எண், ஒரு வரைபடம், பத்து வரி என்று வரம்பு வையுங்கள். முதல் ஆண்டுக்குத் தேவையான சரக்கு எங்களிடம் இப்போதே இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டைப் பூஞ்சைகளோடு வேலை செய்யும் ஓர் ஆய்வாளர்